ஒரே பாடம், இரண்டு விதமான மதிப்பெண்

உங்கள் சக ஆசிரியரின் பிரிவில் எல்லாரும் 80க்கு மேல், உங்கள் பிரிவில் பாதிப் பேர் 50ஐத் தாண்டவில்லை, அதனால் எல்லாருக்கும் 10 மதிப்பெண் கூட்டிப் போடச் சொல்கிறார் துறைத் தலைவர் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பாடம் புரியவில்லையா, திருத்தியவர் கறாரா என்றே இன்னும் தெரியவில்லையே!

முதலில் இரண்டு பிரிவிலிருந்தும் சில விடைத்தாள்களை எடுங்கள். தேர்ச்சிக் கோட்டை ஒட்டி இருப்பவற்றை அதிகமாக எடுங்கள், பாதிப்பு அங்கேதான். பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்து நகலெடுத்து, அவர் பிரிவின் தாளை நீங்களும் உங்கள் பிரிவின் தாளை அவருமாக மாற்றித் திருத்துங்கள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டும்: வழிமுறை சரி, கடைசி விடை தப்பு. 10க்கு 8 போடுவதா, 3 போடுவதா? விடைக்குறிப்பில் அது இருக்காது. முடிவெடுத்து எழுதிவையுங்கள். அந்தக் கேள்வியை மட்டும் இரு பிரிவின் எல்லாத் தாள்களிலும் மறுபடி திருத்துங்கள். சிலருக்கு ஏறும், சிலருக்கு இறங்கும், பரவாயில்லை.

இருவருக்கும் ஒத்துவராவிட்டால் வெளித்தேர்வாளரை, அதாவது வேறு கல்வி நிறுவனத்திலிருந்து வரும் தேர்வாளரை, கேளுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 1832இல் நிறுவப்பட்ட இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம், தன் பட்டத்தை ஊர் நம்ப வேண்டும் என்று ஆக்ஸ்போர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்தது.

திருத்திய பிறகும் இடைவெளி குறையவில்லை என்றால், சிக்கல் வகுப்பறையில் இருக்கிறது. அதற்கு மறுபயிற்சி வகுப்பு கேளுங்கள். எது முடிவானாலும் துறைக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள்.