ஒழுகும் கூரை, உறுமும் சக்கரம்: பழைய டிரெய்லர் கேள்வி-பதில்

காருக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் பழைய வீட்டு டிரெய்லர்கள் ஓடித் தேய்வதைவிட, நின்ற இடத்தில் நனைந்து கெடுவதுதான் அதிகம். இந்த முறை வந்த கேள்விகளும் அதையே சொல்கின்றன. ஒழுகலில் இருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: இருபது வருடப் பழைய டிரெய்லர் வாங்கியிருக்கிறேன். கட்டில் பக்கத்து மூலையில் கால் வைத்தால் தரை அமுங்குகிறது. மேலே ஒரு பிளைவுட் அடித்துவிட்டால் போதுமா?

போதாது. மேலே பலகை அடித்தால் கீழே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அழுகல் இன்னும் வேகமாகப் பரவும். தரையை இப்போதைக்கு விட்டுவிட்டு, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மூலையில் அமுங்கினால் என் சந்தேகம் நான்கு இடங்கள் மேல் போகும்: கூரையும் சுவரும் சேரும் பட்டை, வெளிப்புற மூலைப் பட்டை, பக்கத்து ஜன்னல், சுவரின் உச்சியில் இருக்கும் சின்ன விளக்கு. நுழைந்த இடத்துக்கு நேர் கீழே தண்ணீர் தலைகாட்டும் என்று நம்பவே வேண்டாம். மரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல அடி தள்ளிப் போய்த்தான் சொட்டும்.

இரண்டு பேர் இருந்தால் சோதனை சுலபம். ஒருவர் டார்ச்சோடு உள்ளே. இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்போடு. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் மழைபோல மெதுவாக விட வேண்டும். அதுவும் கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது குற்றவாளி என்றே தெரியாது. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் கூரை முழுவதும் இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பூசினேன். கடைசியில் ஓட்டை இருந்தது விரல் நீள விளக்கின் இரண்டு திருகுகளில்.

ஒழுகலை அடைத்த பிறகு, மின்விசிறி வைத்துச் சில வாரங்கள் காயவிடுங்கள். அப்புறம் கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. கெட்டி மரம் தட்டுப்படும் இடம்வரை, அதற்கும் அடுத்த சட்டம்வரை வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட வேண்டியதுதான். மரத்தைக் கெட்டியாக்கும் எபாக்ஸி உள்ளங்கை அகல இடத்துக்குச் சரி. கட்டில் அகலத்துக்கு அதை ஊற்றுவது காசைக் கரைப்பது.

கேள்வி: கூரை இடுக்குகளில் சிலிக்கான் பூசலாமா? வீட்டில் பாதி டியூப் மிச்சம் இருக்கிறது.

அதைக் குளியலறை மூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கூரையில் சிலிக்கான் ஒழுங்காகப் பிடிக்காது. அது உரிந்த பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூட. பிறகு சுரண்டி எடுப்பதற்கே ஒரு நாள் போகும்.

கூரையின் சமமான பரப்புக்குத் தானாகப் பரவிச் சமனாகும் சீலண்ட், செங்குத்தான இடங்களுக்கு வழியாத வகை. ஜன்னல், காற்றுப்போக்கி, மூலைப் பட்டை இவற்றின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை). பழைய சீலண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் முழுவதும் பெயர்க்க வேண்டாம். தூக்கிக்கொண்டு நிற்பதை மட்டும் பிளாஸ்டிக் கத்தியால் எடுத்து, துடைத்துவிட்டு, மேலேயே பூசலாம். வாங்குவதற்கு முன் உங்கள் கூரை ஈபிடிஎம் (EPDM) ரப்பரா, டிபிஓ (TPO) என்ற பிளாஸ்டிக் விரிப்பா, ஃபைபர்கிளாஸா, அலுமினியமா என்று பார்த்து, அதற்கு ஏற்றதா என்று டியூபில் படித்துக்கொள்ளுங்கள். ஈபிடிஎம் என்றால் பெட்ரோலியம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

கேள்வி: டயரில் பள்ளம் புதுசு மாதிரியே இருக்கிறது. விற்றவர் அதிகம் ஓடவில்லை என்றார். அப்படியே கிளம்பலாமா?

பக்கவாட்டில் DOT (டாட்) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரம். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலிலும் நின்ற நிலையிலும் காய்ந்து வெடித்துவிடும். ஐந்து முதல் ஏழு வருடத்தில் மாற்றுவதுதான் வழக்கம், பள்ளம் எப்படி இருந்தாலும். காற்றழுத்தத்தை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். குறைந்த காற்றில் சூடாகும் டயர்தான் வழியில் கிழிகிறது.

கேள்வி: சக்கர பேரிங்குக்கு நானே கிரீஸ் வைக்க முடியுமா? ஒரு பக்கம் மெல்ல உறுமுகிறது.

கிரீஸ் வைப்பது முடியும். ஆனால் உறுமல் கேட்டுவிட்டது என்றால் அந்தப் பக்கம் புது பேரிங்கே தேவைப்படலாம். வருடத்துக்கு ஒருமுறை அல்லது சுமார் 19,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது பிரிப்பது நல்லது.

மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் மட்டும் ஜாக் போடுங்கள். மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னைக் கழற்றி, நட்டைத் திருகி டிரம்மை இழுத்தால் வெளிப் பேரிங் கையில் வந்து விழும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுவதும் கழுவி, காயவைத்து, வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். உருளைகளில் நீல நிறமோ, புள்ளிக் குழியோ, கீறலோ இருந்தால் பேரிங்கையும் அது உட்காரும் வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். எல்லாம் வழவழப்பாக இருந்தால் அதையே போடலாம், ஆனால் கழற்றிய இடத்துக்கே போக வேண்டும். வலது இடது கலந்துவிடக் கூடாது.

உள்ளங்கையில் ஒரு கரண்டி கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். உருளைகளின் மறுபக்கத்தில் கிரீஸ் புழுப்போல வெளியே வர வேண்டும். வராதவரை உள்ளே நிரம்பவில்லை. கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் பின்பக்க சீலை எப்போதும் புதிதாகவே போடுங்கள். பிரேக் ஷூவில் ஒரு பொட்டு கிரீஸ்கூடப் படக் கூடாது.

தவறு நடப்பது நட்டில்தான். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், பேரிங் உட்கார்ந்ததும் முழுவதும் தளர்த்தி, பிறகு விரலால் முட்டும்வரை மட்டும் திருகி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருப்பது சரிதான். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று ஸ்பேனரால் இறுக்கியவர்களின் பேரிங்தான் முதலில் எரிகிறது. பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, எல்லா ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் திரும்பக் கழற்றுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் கரண்டில் குளிர்கிறது, கேஸில் குளிரவில்லை. புதிது வாங்க வேண்டுமா?

வேண்டாம். கரண்டில் குளிர்கிறது என்றால் குளிரூட்டும் குழாய்கள் நலம். கோளாறு பர்னர் பக்கம். புகைக்கரி, துரு, சிலந்திக்கூடு, பெரும்பாலும் இவைதான். கேஸை மூடிவிட்டு மென்மையான பிரஷ்ஷாலும் காற்றாலும் சுத்தம் செய்யுங்கள். கேஸ் வரும் நுண்துளையில் கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதானால் சுடர் கெட்டுவிடும். சுடர் நீலமாக எரிய வேண்டும். டிரெய்லர் சாய்ந்து நின்றாலும் கரண்டிலும் கேஸிலும் ஓடும் இந்த வகை ஃப்ரிட்ஜ் சரியாக வேலை செய்யாது. பின்னால் மஞ்சள் தூளோ அம்மோனியா நெடியோ இருந்தால் கதை வேறு. உடனே அணைத்துக் கதவுகளைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: கேஸ் அலாரம் சும்மா சும்மா கத்துகிறது. வயரைப் பிடுங்கிவிடலாமா?

கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா பாருங்கள். கசிவில்லை என்றால் அலாரத்தின் பின்னால் இருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்து முதல் ஏழு வருடத்தில் அதன் ஆயுள் முடியும். பேட்டரி இறங்கியிருந்தாலும் கத்தும். 12 வோல்ட்டுக்குக் கீழ் போயிருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: உள்ளே சுவர், கூரை எல்லாம் பழுப்புக் கறை. பெயிண்ட் அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும்தானே?

ஆகும், ஒழுகலையும் மறைத்துவிடும். இப்போதைக்கு ஒரு பென்சிலால் ஒவ்வொரு கறையின் ஓரத்திலும் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். நான்கைந்து பெருமழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டியிருந்தால் ஹோஸ் பைப்பை எடுங்கள். தாண்டவில்லை என்றால், கறையை அடக்கும் பிரைமர் ஒரு கை, அதற்கு மேல் உங்களுக்குப் பிடித்த நிறம்.