ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் 7 பார் ரோட்டரி கம்ப்ரெஸர் செய்ய முடியுமா? செய்தால் எப்படிச் சோதிப்பது?

முடியும். ஆனால் ஸ்க்ரூ வகை வேண்டாம், அந்தத் திருகு வடிவ ரோட்டரை அரைக்கத் தனி மிஷின் தேவை. வேன் வகைக்கு (மையம் விலகிச் சுழலும் ரோட்டரின் பள்ளங்களில் பிளேடுகள் நழுவிக் காற்றை அழுத்தும் வகை) லேத், மில்லிங், சர்ஃபேஸ் கிரைண்டிங் போதும்.

உதாரணத்துக்கு: சிலிண்டர் போர் (உள் விட்டம்) 100 மி.மீ., நீளம் 150, ரோட்டர் விட்டம் 88, மைய விலகல் 6. பிளேடு 6, தடிமன் 4. ஒரு சுற்றுக்கு உள்ளிழுக்கும் காற்று 2 × 6 × 150 × (3.14 × 100 − 6 × 4), அதாவது சுமார் 520 சி.சி. 1440 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 750 லிட்டர் வரும். கசிவு போக 600 கிடைத்தால் நல்ல மிஷின். மோட்டார் 7.5 எச்.பி. பிளேடுக்குத் துணி அடுக்கிய ஹைலம் ஷீட், ஆயில் விஜி (கெட்டித்தன்மை எண்) 46 அல்லது 68.

பெரும்பாலும் வேலை கெடுவது பக்க இடைவெளியில்தான். ரோட்டர் முகத்துக்கும் சைடு பிளேட்டுக்கும் நடுவே பக்கத்துக்கு 0.05 மி.மீ. விடுங்கள். ஓடத் தொடங்கியதும் ரோட்டர்தான் முதலில் சூடேறும். சிலிண்டரைவிட 20 டிகிரி கூடினாலே 150 மி.மீ. வார்ப்பிரும்பு 0.033 நீளும், இறுக்கமாக வைத்திருந்தால் கவ்விக்கொள்ளும். பக்கத்துக்கு 0.1 விட்டாலோ அழுத்திய காற்று பின்னால் கசிந்து, அதையே மறுபடி அழுத்தி, ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு பேரிங்கைப் பூட்டி, மற்றதை நழுவ விடுங்கள். இல்லையென்றால் இடைவெளி முழுவதும் ஒரே பக்கம் போய்விடும்.

அழுத்திய காற்றைச் சேர்த்துவைக்கும் டேங்கை முதலில் 10.5 பாரில் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். காற்றால் ஒருபோதும் கூடாது, வெடித்தால் உயிர் போகும். சேஃப்டி வால்வ் இல்லாமல் ஓட்டவும் வேண்டாம்.

அடுத்தது காற்றளவு. 500 லிட்டர் டேங்க் 0-லிருந்து 7 பார் ஏற 6 நிமிடம் 25 விநாடி ஆனால் கணக்கு 7 × 500 ÷ 0.91 ÷ 6.41 = 600 லிட்டர். இங்கே 0.91 முக்கியம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக் காற்றழுத்தம் அவ்வளவு பார்தான். புத்தகத்தில் உள்ள 1.013-ஐப் போட்டால் 540 என்று காட்டும், நல்ல மிஷினைப் பிரித்து மேய்வீர்கள். தர்மபுரி இறங்கினால் எண் மாறும், பாரோமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க் காற்று 30 டிகிரியில் தொடங்கி 45-ல் முடிந்தால் விடையை 303/318-ஆல் (அதே வெப்பநிலைகள், கெல்வினில்) பெருக்க வேண்டும். 600 அப்போது 570 ஆகும்.

பிறகு முழு லோடில் சில மணி நேரம் ஓட்டுங்கள். டெலிவரி, அதாவது வெளியே வரும் காற்று, 80–90 டிகிரியில் நிற்க வேண்டும். 70-க்குக் கீழே தண்ணீர் ஆயிலில் தங்கும், 110 தாண்டினால் ஆயில் கருகும். நிறுத்திப் பிரித்து பிளேடு முனையைப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் போர் டேப்பராக இருக்கிறது. கீறல் இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது, இன்டேக் ஃபில்டரை மாற்றுங்கள்.