வேனுக்குப் பின்னால் வருபவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு எல்லாம் பொருத்திவிட்டோம். நானும் மனைவியும் துருக்கியில் தொடங்கி ஈரான், பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணம் வழியாகக் கிழக்கே போவதாக இருக்கிறோம். அரசுகளின் எச்சரிக்கைகளைக் காட்டி உறவினர்கள் தடுக்கிறார்கள். போய்வந்தவர்களோ அங்குள்ள மக்களின் அன்பைத்தான் சொல்கிறார்கள். பலூசிஸ்தானில் ஆயுதக் காவலும் உண்டாம். பிறகு ஏன் பயப்பட வேண்டும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மக்களின் அன்பைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதைப் போய்வந்தவர்கள்தானே எழுதுகிறார்கள்? ஊரே உங்களை விருந்தாளியாக நடத்தினாலும், சாலையோரம் துப்பாக்கியோடு காத்திருக்கும் நாலு பேருக்கு அது ஒரு பொருட்டல்ல.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஆயுதக் காவலில்தான் என் மனம் நின்றுவிட்டது. ஈரான் எல்லையில் உள்ள தஃப்தானிலிருந்து மாகாணத் தலைநகர் குவெட்டாவுக்கு 600 கிலோமீட்டருக்கும் மேல் பாலைவனச் சாலை. அங்கே வெளிநாட்டுப் பயணிகளுக்குத் துணையாக வருபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் காவல் படையினர், அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஒவ்வொரு சாவடியிலும் உங்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த ஆளிடம் உங்களை ஒப்படைப்பார்கள்.

2014 ஜனவரியில் ஸ்பெயின் நாட்டு சைக்கிள் பயணி ஒருவர் அவ்வழியே வந்தார். குவெட்டாவுக்கு அருகே, மஸ்துங் மாவட்டத்தில் தாக்குதல் நடந்தது. அவர் காயத்தோடு தப்பினார். காவலுக்கு வந்தவர்களில் ஆறு பேர் செத்துப்போனார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அதே மாவட்டத்தில், ஈரானிலிருந்து திரும்பிய ஷியா யாத்ரீகர்களின் பேருந்தில் குண்டு வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பயணியை நான் குறை சொல்லவில்லை, கொன்றவர்கள் வேறு யாரோ. ஆனாலும் ஒரு வெளிநாட்டவரின் பயணத்துக்குக் காவலாக வந்துதான் அந்த ஆறு பேரும் உயிரை விட்டார்கள். 'என் உயிர், என் விருப்பம்' என்று சொல்லிக்கொண்டு அந்தச் சாலையில் வண்டியை விட என்னால் முடியாது.

வேனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதுகுப்பையோடு போகிறவர் நிலைமை மோசமானால் விமானம் ஏறிவிடலாம். உங்களால் முடியாது. ஈரானுக்கும் பாகிஸ்தானுக்கும் வண்டியைக் கொண்டுபோகக் 'கார்னே' வேண்டும். வண்டிக்கான கடவுச்சீட்டு மாதிரி அது, பிணைத்தொகை கட்டி வாங்குவது. வண்டியை வெளியே கொண்டுவராவிட்டால் சுங்கவரி உங்கள் தலையில் விழும். ஆக, கிளம்ப வேண்டிய நேரத்தில் அந்த வேனே உங்களைப் பிடித்து நிறுத்தும். 'போகாதீர்கள்' என்று அரசு அறிவித்த பகுதிகளில் நடப்பதற்குப் பல காப்பீடுகள் பணம் தருவதுமில்லை.

சாலைகள் திறக்கும், மூடும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இஸ்தான்புல்லிலிருந்து காபூல் வழியாகக் காத்மாண்டுவரை இளைஞர்கள் பேருந்திலும் வேனிலும் போனார்கள். 1979-இல் ஈரானில் புரட்சி வந்தது, ஆண்டு முடிவதற்குள் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்தது. அந்த வழி அத்தோடு முடிந்தது. அதற்கு முன் போனவர்கள் நம்மைவிடத் துணிச்சல்காரர்கள் அல்ல, அன்று சாலை திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை துருக்கி, ஜார்ஜியா, ஆர்மீனியா என்று போய்வாருங்கள். மலைகள் போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கின்றன. அங்கேயும் இரவில் ஓட்டாதீர்கள். வண்டியில் போகிறவர்களுக்குத் துப்பாக்கியைவிட வளைவில் எதிரே வரும் லாரிதான் அன்றாட ஆபத்து.

கடைசியாக ஒன்று. எந்த நாடானாலும், இருவரில் ஒருவர் 'திரும்பலாம்' என்றால் காரணம் கேட்காமல் வேனைத் திருப்புவது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் உறவினர்களின் பயம் இருக்கிறது, உங்கள் ஆசை இருக்கிறது. உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தை அவரை எழுதச் சொல்லுங்கள்.