பிரசவ வார்டில் குழந்தை கீழே விழாமல் இருக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகளுக்கு சிசேரியன். ராத்திரி பால் கொடுக்கும்போதே கண் சொக்கிவிடுகிறது. நான் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுத்திருக்கிறேன். இருந்தும் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான் அம்மா. வார்டில் குழந்தை விழுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: நள்ளிரவு தாண்டிய நேரம், பால் குடிக்கும் குழந்தை, அப்படியே தூங்கிப்போன தாய். இதை அலட்சியம் என்று சொல்லவே கூடாது. வலியில் ஒரு ராத்திரி, தையலில் ஒரு ராத்திரி என்று தூக்கமே இல்லாத உடம்பு அது. சில வலி மருந்துகள் அசத்தும். பால் கொடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன்களும் தூக்கத்தைக் கூட்டும். கண் மூடியதும் முழங்கை தளரும். துணியில் சுற்றிய குழந்தை மடியிலிருந்து அப்படியே உருண்டு இறங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது ராத்திரிகளில் கூடுதல் கவனம் வேண்டும்.

மகள் பால் கொடுக்கும் நேரம் முழுக்க நீங்கள் உட்கார்ந்திருங்கள், படுக்காதீர்கள். லைட் எரியட்டும். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கக் கம்பியையும் ஏற்றிவிடுங்கள். உயரத்தைக் குறைக்கும் கைப்பிடி இருந்தால் கடைசிவரை இறக்குங்கள். செல்போனில் பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வைக்கலாம். மகளின் தலை ஒரு முறை ஆடினாலே குழந்தையை வாங்கிவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும்" என்று விடுகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஆபத்து. நீங்கள் ஒருவர்தான் துணை என்றால், பகலில் பார்க்க வருகிறவர்களிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி குழந்தையை மடியில் வைத்திருக்கும் பாட்டிக்கும் இதே கதி வரலாம்.

எங்கள் வார்டில் தொட்டில் கிடையாது, தாயோடு ஒரே கட்டில்தான். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் போதுமா?

போதாது. கட்டிலுக்குச் சக்கரம் இருக்கிறது. தாய் எழுந்து உட்காரும்போது அது நகர்ந்து, சுவரோரம் ஒரு சந்து விழும். குழந்தை அதில் இறங்கி முகம் அழுந்தினால், கீழே விழுவதைவிட மோசம். பக்கக் கம்பிகளும் பெரியவர்களுக்காகச் செய்தவை. அந்த இடைவெளியில் பச்சிளம் உடம்பு நுழைந்துவிடும். தலையணையால் அணை கட்டினால் மூச்சு முட்டும். கொசுவலை வைத்த குட்டி மெத்தையோ ரெக்சின் மெத்தைமேல் வழுக்கும். பிறந்த குழந்தை புரளாது என்பது சரிதான், ஆனால் காலை உதைத்தே அங்குலம் அங்குலமாக நகரும்.

தொட்டில் கேளுங்கள், ஒவ்வொரு ஷிப்டிலும் கேளுங்கள். கிடைக்கும்வரை, தாய் தூங்கினால் துணைக்கு வந்தவர் விழித்திருந்து குழந்தையைப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை. சிலர் கட்டில் கம்பியிலோ சலைன் ஸ்டாண்டிலோ சேலையைக் கட்டித் தூளி போடுகிறார்கள். அது ஒருபோதும் வேண்டாம். ஸ்டாண்ட் சாயும், முடிச்சு நழுவும்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆளாளுக்குத் தூக்குகிறார்கள். எப்படிச் சொல்வது?

"உட்காருங்க, மடியில கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நின்றபடி கைமாற்றும்போதுதான் நழுவும்: கொடுப்பவர் விட்டுவிடுவார், வாங்குபவரின் கை கழுத்துக்குக் கீழே இன்னும் போயிருக்காது. வாங்குபவர் "பிடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கையை எடுங்கள். ஒரு கையில் போன், மறு கையில் குழந்தை என்பது கூடவே கூடாது.

இரண்டாவது பிரசவம். வலி வந்ததும் மலம் கழிக்கத் தோன்றினால் பாத்ரூம் போகலாமா?

தனியாகப் போகாதீர்கள். குழந்தையின் தலை இறங்கி மலக்குடலை அழுத்தும்போதும் அதே உணர்வுதான் வரும். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் அதன் பிறகு சில நிமிடங்களிலேயே குழந்தை வந்துவிடலாம். கழிவறைத் தரையில் பிறந்து விழுந்த குழந்தைகள் உண்டு. உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், அவர் பரிசோதித்துச் சொல்லட்டும்.

குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தது. அழுதது, பால் குடித்தது, தூங்குகிறது. நர்ஸ் திட்டுவார் என்று சொல்லவில்லை. பரவாயில்லையா?

இதைப் படித்ததும் போய்ச் சொல்லுங்கள். மண்டையோட்டில் மெல்லிய விரிசல் இருந்தாலும் குழந்தை சாதாரணமாகப் பால் குடிக்கும், தூங்கும். வீக்கம் பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். எவ்வளவு உயரம், எந்தத் தரை, எந்தப் பக்கம் பட்டது, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் ஒளிக்காமல் சொன்னால்தான் டாக்டரால் முடிவெடுக்க முடியும். அவர் தலையைத் தடவி, உச்சிக்குழியைத் தொட்டு, தோள்பட்டை எலும்பையும் கை கால் அசைவையும் பார்ப்பார். பொதுவாக ஒரு நாள் கண்காணிப்பில் வைப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். பெரும்பாலான குழந்தைகள் எந்தக் குறையும் இல்லாமல் தேறிவிடுகிறார்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடிக்க எழுப்பவே முடியாத சோர்வு, வெளிறல், வலிப்பு, கீச்சென்ற அழுகை, உச்சிக்குழி புடைப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல ஒழுகுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். விழுந்த குழந்தையைக் குலுக்காதீர்கள். வீங்கிய இடத்தில் எண்ணெய் வைத்து நீவாதீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பாலும் வேண்டாம்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் எதை முதலில் மாற்றுவது?

இரவு ரவுண்டை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 600 முதல் 1,600 பச்சிளம் குழந்தைகள் மருத்துவமனையில் விழுவதாக, அங்கே மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2018-இல் மதிப்பீடு தந்தது. அவ்வளவு வசதியுள்ள இடத்திலேயே இந்த நிலை. பின்னிரவில் அரை மணிக்கு ஒரு முறை, பால் கொடுக்கும் தாய்மாரை மட்டுமாவது எட்டிப் பாருங்கள். தூங்கியிருந்தால் திட்டாமல் குழந்தையை எடுத்துவையுங்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை தூக்கம் வந்தால் உங்களைக் கூப்பிட மாட்டார். வலி மருந்து கொடுத்த நேரத்தைத் துணைக்கு இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

அடுத்தது வார்மரும் (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் மேடை) மஞ்சள் காமாலை லைட்டும். பக்கத் தடுப்பை ஏற்றினால் மட்டும் போதாது, "டக்" என்று பூட்டிய சத்தம் கேட்க வேண்டும். ஊசி எடுக்கத் திரும்பும்போது இன்னொரு கை குழந்தையின் நெஞ்சில் இருக்கட்டும். கைக்கு எட்டாத பொருள் என்றால், தடுப்பைப் பூட்டிவிட்டுப் போய் எடுங்கள்.