எட்டு வருடத்துக்கு முந்தைய வங்கிக் கடனை இப்போது கேட்டால் கட்ட வேண்டுமா?

சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்களுக்கு மலேசியாவின் 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தக் கடனுக்குத் தவணை தவறிய நாளிலிருந்து 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். (சபா, சரவாக் கணக்கு வேறு.) அதற்காகக் கடன் அழிந்துவிடாது, தாமதமாக வழக்கு வந்தால் எதிர்க்க உங்களுக்கு வழி உண்டு, அவ்வளவுதான். அதையும் நீங்களே எதிர்வாதத்தில் எழுத வேண்டும், நீதிமன்றம் தானாக எடுத்துப் பேசாது.

"ஒரு ஐம்பது வெள்ளி மட்டும் கட்டுங்கண்ணே, கேஸை நிறுத்திடுறோம்" என்று கடன் வசூலிப்பவர்கள் போனில் கனிவாகப் பேசுவார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சிறு தொகை கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தாலும், அந்த நாளிலிருந்து 6 ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கலாம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. தோட்டத்து லயத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்கள் பலர் வங்கியில் முகவரியை மாற்றுவதில்லை. சம்மன் பழைய வீட்டுக்கே போகும். ஆள் வராததால் தீர்ப்பும் ஆகிவிடும். தீர்ப்பு இருந்தால் அதை 12 ஆண்டு வரை அமல்படுத்தலாம். கடன் தீர்ப்புத் தொகை 1,00,000 ரிங்கிட்டைத் தொட்டால் திவால் நடவடிக்கைக்கும் இடமுண்டு.

ஆகவே முதலில் வழக்கு எண், கடைசியாகக் கட்டிய தேதி, கடன் விவரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தீர்ப்பு இருந்தால் ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கட்டத்தான் வேண்டும் என்றால், மத்திய வங்கி அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே (AKPK) இலவசமாக ஆலோசனை தரும்.