லாரிகள் புறப்படும் வரை பொறுத்திருங்கள்

வணக்கம். 'வேஜஸ் ஆஃப் ஃபியர்' படத்தை நாற்பது நிமிடங்கள் பார்த்தும் லாரிகள் கிளம்பவே இல்லை என்றும், அதுவரையுள்ள பகுதியைத் தாண்டிச் சென்றுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

ஆன்ரி-ஜார்ஜ் க்ளூசோ 1953 இல் இயக்கிய இப்படத்தின் அச்சம், அந்த லாரிகள் சுமந்து செல்லும் நைட்ரோகிளிசரின் என்ற வெடிமருந்தில் மட்டும் இல்லை. வேலையும் இல்லாமல், ஊர் திரும்பக் காசும் இல்லாமல் ஒரு தென் அமெரிக்கச் சிற்றூரில் சிக்கிக்கொண்டவர்கள், உயிரைப் பணயம் வைக்கும் ஒரு வேலைக்கு ஏன் முண்டியடிக்கிறார்கள் என்பதை நாம் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்தே உணர வேண்டியிருக்கிறது. குறிப்பாக, வயதில் மூத்த ஜோ மதுக்கடையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை நன்றாகக் கவனியுங்கள். அந்த மிடுக்கை மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்கே, பிற்பாதியில் அவருக்கும் அவரோடு ஒரே லாரியில் செல்லும் மாரியோவுக்கும் இடையே நிகழும் மாற்றம் முழுமையாக உறைக்கும். எனக்கு வெடிமருந்தைவிட அதுவே கூடுதலாக நடுக்கம் தந்தது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். முழுப்படம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும். 1955 இல் அமெரிக்காவில் வெளியானபோது, அந்த வேலையைத் தரும் எண்ணெய் நிறுவனத்தைக் குறைகூறும் காட்சிகள் உட்படப் பல பகுதிகள் வெட்டப்பட்டன. உங்களிடம் உள்ள பிரதி மிகவும் குறுகியதாக இருந்தால், மீட்டமைக்கப்பட்ட முழுப் பிரதியைத் தேடிப் பாருங்கள்.

எண்ணெய்க் குட்டைக் காட்சியைப் பற்றி இங்கே எதுவும் சொல்ல மாட்டேன். பார்த்து முடித்ததும் எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.