எம்ஜிபி காரில் உள்ள எஸ்.யு. கார்புரேட்டர்: திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "1970 எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று வாங்கினேன். நின்றபடி ஓடும்போது ஐட்லிங் வேகம் நிலையாக நிற்பதில்லை, பெட்ரோல் வாடை வீசுகிறது, பின்பக்க கார்புரேட்டரின் அடியில் சொட்டுகிறது. எச்ஐஎஃப் என்று விற்றவர் சொன்னார். அதற்கான சர்வீஸ் கிட் வாங்கிப் பார்த்தால் ஒரு வாஷர்கூடப் பொருந்தவில்லை. என்னிடம் இருப்பது எது, எதை வாங்குவது, நானே சர்வீஸ் செய்யலாமா?" கூடவே மூன்று படங்களும் அனுப்பியிருக்கிறார். எம்ஜிபி ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குத் தரும் எஸ்.யு. கார்புரேட்டர்கள் இரண்டு, முன்னும் பின்னுமாக இருக்கும். எச்ஐஎஃப் என்பது எஸ்.யு.வில் ஒரு வகை.

முதலில் ஒன்று. சொட்டு நிற்கும் வரை வண்டியை ஓட்டாதீர்கள். இந்த இஞ்சினில் கார்புரேட்டரும் சைலன்சர் குழாய் தொடங்கும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, அதுவும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மேலே சொட்டும் பெட்ரோல் கீழே கொதிக்கும் இரும்பில்தான் விழும். வேலை செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சரி, இனி அடையாளம். உங்கள் இரண்டாவது படத்தில் ஃப்ளோட் சேம்பர், அதாவது பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை (ஃப்ளோட்) இருக்கும் அறை, தனிக் குப்பியாகப் பக்கவாட்டில் நிற்கிறது. அதன் அடியிலிருந்து ஒரு கறுப்பு நைலான் குழாய் வளைந்து நடு உடலின் கீழே போய்ச் சேர்கிறது. அந்தக் குழாயைப் பார்த்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. இது எச்எஸ் வகை, உங்கள் காரில் எச்எஸ்4. எச்ஐஎஃப் வகையில் தனிக் குப்பியே கிடையாது. ஃப்ளோட் நடு உடலின் அடிவயிற்றுக்குள் இருக்கும், கீழே நான்கு திருகு போட்ட வட்ட மூடி தெரியும், மிக்சரை (பெட்ரோல், காற்றுக் கலவையை) சரிசெய்யும் திருகு பக்கவாட்டில் இருக்கும். எம்ஜிபிக்கு எச்ஐஎஃப்4 வந்தது 1970களின் தொடக்கத்தில். அதனால் உங்கள் வண்டியின் ஆண்டும் எச்எஸ் என்றே சொல்கிறது. ஆனால் ஐம்பது வருடம் ஓடிய காரில் ஆண்டை மட்டும் நம்ப முடியாது, கண்ணால் பார்ப்பதே சாட்சி.

மற்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் வைத்திருப்பவர்களுக்காக இன்னும் கொஞ்சம். எம்ஜிஏ போன்ற முந்தைய கார்களில் இருப்பது எச் வகை. அதிலும் குப்பி தனி, ஆனால் நைலான் குழாய் இல்லை. குப்பியின் அடியே கார்புரேட்டர் உடலோடு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். எழுத்துகளுக்குப் பின் வரும் எண் காற்று நுழையும் வாயின் அளவைச் சொல்கிறது. ஒரு இஞ்சுக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதே கணக்கு. எச்எஸ்2 என்றால் ஒன்றேகால் இஞ்ச், எச்எஸ்4 ஒன்றரை இஞ்ச், டிரையம்ப் டிஆர்3இல் வரும் எச்6 ஒன்றேமுக்கால், பழைய ஜாகுவார் இ-டைப்பில் மூன்றாக வரிசைகட்டி நிற்கும் எச்டி8 இரண்டு இஞ்ச். வாயின் விட்டத்தை அளந்தால் எண் கிடைத்துவிடும், உங்களுடையது 38 மில்லிமீட்டர் இருக்கும். மேல்மூடியில் நான்கு திருகு இருந்து, உள்ளே ரப்பர் டயஃப்ரம் (சவ்வு) தெரிந்தால் அது எஸ்.யு.வே அல்ல, ஸ்ட்ராம்பெர்க் என்ற வேறு கார்புரேட்டர். அமெரிக்காவுக்குப் போன கடைசிக்கால எம்ஜிபிகளில் இரட்டை எஸ்.யு.வுக்குப் பதிலாக ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் இருந்தது. அந்த வண்டிகள் இப்போது இங்கிலாந்துக்குத் திரும்பி வருகின்றன, அதனால் சொல்கிறேன்.

ஃப்ளோட் சேம்பர் மூடியின் திருகில் ஒரு சின்னத் தகடு தொங்க வேண்டும். ஏயுடி என்று தொடங்கும் எண் அதில் பொறித்திருக்கும். எந்தக் கார், எந்த ஊசி, எந்த ஸ்பிரிங் என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்தே தெரிந்துவிடும். உங்கள் படத்தில் இரண்டிலுமே தகடு இல்லை. யாரோ கழற்றியபோது தொலைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, உள்ளே திறந்து பார்க்க வேண்டியதாகிறது, அவ்வளவுதான்.

இனி எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் மூன்றாவது படம். கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் இரண்டு பிஸ்டனையும் கழற்றி அருகருகே வைத்து எடுத்திருக்கிறீர்கள். பிஸ்டனில் பொருத்திய ஊசிதான் பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது. முன்பக்கத்து ஊசி நேராக, விறைப்பாக நிற்கிறது. பின்பக்கத்து ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அது வளைந்து போனதல்ல. விரலால் தொட்டால் ஆடும், விட்டால் ஒரே பக்கம் சாயும். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் அதைத் தள்ளுகிறது. 1960களின் கடைசியில், புகைக் கட்டுப்பாடு இறுகத் தொடங்கியபோது, எஸ்.யு. இந்தச் சாயும் ஊசிக்கு மாறியது. ஊசி எப்போதும் ஜெட்டின் (பெட்ரோல் வெளிவரும் துளையின்) ஒரே ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பெட்ரோல் அளவு வண்டிக்கு வண்டி மாறாது என்பதே காரணம். ஆக, உங்கள் காரில் முன்னால் ஒரு தலைமுறை, பின்னால் அடுத்த தலைமுறை. யாரோ இரண்டு ஜோடிகளிலிருந்து ஒவ்வொன்றை எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஐட்லிங் ஏன் நிற்கவில்லை என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. மிக்சரை மாற்ற ஜெட்டின் அடியில் உள்ள நட்டை எத்தனை முறை திருகினாலும் இது சரியாகாது.

ஊசியின் தடித்த தலைப்பகுதியில் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஏ என்று தொடங்கி மூன்று எழுத்து இருந்தால் அது 0.090 இஞ்ச் ஜெட்டுக்கான சாயும் ஊசி. விறைப்பான ஊசிகளில் ஒற்றை எண்ணோ ஒன்றிரண்டு எழுத்தோகூட இருக்கும். இரண்டையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஊசியின் நடுவில் எங்காவது பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால், ஜெட்டில் உரசித் தேய்ந்திருக்கிறது. அப்போது ஜெட்டின் வாயும் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், புது ஊசியைப் பழைய ஜெட்டில் போடுவது வீண் செலவு.

இந்த ஊசி ஏன் இவ்வளவு முக்கியம்? சாதாரண கார்புரேட்டரில் ஐட்லிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், முடுக்கத்துக்கு ஒரு பம்ப் என்று நிறைய வழிகள் உண்டு. எஸ்.யு.வில் ஒரே ஜெட், ஒரே ஊசி. இஞ்சின் காற்றை இழுக்க இழுக்க, மணியைக் கவிழ்த்தது போன்ற கூட்டுக்குள் பிஸ்டன் மேலே ஏறும். பிஸ்டனில் தொங்கும் ஊசி கீழே போகப்போகக் கூராகிறது. அதனால் பிஸ்டன் ஏறும் அளவுக்கு ஜெட்டின் வாய் திறக்கும், பெட்ரோலும் கூடும். ஊசியின் தடிமன் எங்கே எவ்வளவு என்பதிலேயே முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. லண்டனில் ஸ்கின்னர் சகோதரர்கள் 1900களின் தொடக்கத்தில் யோசித்தது இது. எஸ்.யு. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். பிஸ்டன் வருவதற்கு முன்பு அவர்கள் தோலால் செய்த துருத்தியைப் பயன்படுத்தினார்கள். குடும்பத் தொழில் செருப்புக் கடை என்பதால் தோல் அவர்களுக்குப் புதிதல்ல! எனக்கு இந்தக் கார்புரேட்டர் மீது உள்ள மரியாதை இந்த எளிமையால் வந்தது.

இப்போது சொட்டுக்கு வருவோம். மூன்று இடம் பாருங்கள். நைலான் குழாய் ஃப்ளோட் சேம்பரின் அடியில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து இறுகியிருக்கலாம். புதியது போடும்போது குழாயின் நுனி வளையத்தைத் தாண்டி ஐந்து மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும், அப்புறம்தான் நட்டை இறுக்க வேண்டும். அடுத்து ஃப்ளோட். கழற்றி காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் பெட்ரோல் புகுந்துவிட்டது, அது மிதக்காது. மூன்றாவது, ஃப்ளோட் அழுத்தி மூடும் வால்வு. முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நைலான் ஃப்ளோட் என்றால், மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டுக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே எட்டில் ஒரு இஞ்ச் முதல் பதினாறில் மூன்று இஞ்ச் வரை இடைவெளி வேண்டும். எட்டில் ஒரு இஞ்ச் டிரில் பிட்டை உள்ளே நுழைத்தே அளந்துவிடலாம். இத்தனையும் சரியாக இருந்தும் வழிந்தால் பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகியுங்கள். பழைய எஸ்.யு. பம்ப்புக்குப் பதில் அழுத்தம் அதிகமான வேறொன்று போட்டிருந்தால் வால்வு தாங்காது.

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பங்க் பெட்ரோல் இ10. அதில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது ஊறவைத்து மென்மையாக்கும், சிலவற்றில் விரிசல் விடவைக்கும். சூப்பர் அன்லெடட் பெரும்பாலும் இ5, உங்கள் காருக்கு அதையே போடுங்கள். குழாய்கள் மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஸ்பிண்டில், அதாவது காற்றின் வழியைத் திறந்து மூடும் திராட்டில் தட்டைச் சுழற்றும் தண்டு. நான் தொடக்கத்தில் ஏமாந்தது இங்கேதான். ஒரு மிட்ஜெட் காருக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க மிக்சர் சரிசெய்தேன். காலையில் பிடித்தது மதியம் நழுவும், மதியம் பிடித்தது டீ குடித்து வருவதற்குள் நழுவும். கடைசியில் திராட்டில் ஸ்பிண்டிலின் முனையை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். டக் டக் என்றது. தண்டும் அது சுழலும் துளையும் தேய்ந்து, அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. நீங்களும் இதே சோதனையை முதலில் செய்யுங்கள். சூடான இஞ்சின் மீது கார்ப் கிளீனர் பீய்ச்சிக் காற்றுக் கசிவு தேடாதீர்கள், கீழே மேனிஃபோல்ட் இருப்பதை மறக்க வேண்டாம். விரலே போதும். ஆட்டம் இருந்தால் புது ஸ்பிண்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஆடினால் உடலின் துளையில் புஷ் (உலோக வளையம்) அடிக்க வேண்டும். அது லேத் வேலை, வீட்டில் முயல வேண்டாம். திராட்டில் தட்டைப் பிடிக்கும் இரண்டு சின்னத் திருகுகளின் நுனி பிளந்திருக்கும். புதியதை இறுக்கியதும் அந்த நுனியை விரித்துவிட வேண்டும். மறந்தால் திருகு கழன்று நேராக சிலிண்டருக்குள் போகும்.

சுத்தம் செய்யும்போது ஒன்று நினைவில் வையுங்கள்: ஒவ்வொரு பிஸ்டனும் அதன் கூட்டோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது. முன்பக்கத்துப் பிஸ்டனைப் பின்பக்கத்துக் கூட்டில் போடாதீர்கள். பெட்ரோலும் துணியும் போதும், உப்புத்தாள் வேண்டாம். பிஸ்டனின் பக்கத்தில் எண்ணெய் கூடாது, தண்டில் மட்டும் ஒரு துளி. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் நிறம் பூசியிருக்கும். இரண்டிலும் ஒரே நிறம், எம்ஜிபிக்குச் சிவப்பு, இருக்க வேண்டும்.

விறைப்பான ஊசி வைத்தால் ஜெட்டை நடுவில் நிறுத்த வேண்டும். பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். அடியில் போய் 'டிக்' என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். மெத்தென்று நின்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, அந்த 'டிக்' கேட்கும் வரை நகர்த்தி, மறுபடி இறுக்குங்கள். சாயும் ஊசிக்கு இந்த வேலையே இல்லை.

டியூனிங் கடைசி. அதற்கு முன் வால்வுகளின் டேப்பட் இடைவெளி (குளிர்ந்த இஞ்சினில் 0.015 இஞ்ச்), தீப்பொறிக்கான பாயிண்ட், அதன் டைமிங் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு ஜெட்டையும் மேல் மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குங்கள். இஞ்சின் நன்றாகச் சூடானதும், இரண்டையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்திவிட்டு, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுநுனியை ஒவ்வொரு வாயிலும் பிடியுங்கள். காற்றின் சீறல் இரண்டிலும் ஒரே சுருதியில் கேட்கும் வரை ஐட்லிங் திருகுகளைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஒரு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மெல்லத் தூக்குங்கள். வேகம் ஒரு கணம் ஏறி அடங்கினால் சரி. ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே ஏற்றுங்கள். இஞ்சின் தடுமாறினால் பெட்ரோல் குறைவு, கீழே இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் நட்டின் ஒரு பட்டை மட்டுமே, அதாவது ஆறில் ஒரு சுற்று.

பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் டேம்பர் மேலே இருக்கிறது, அதில் எஸ்ஏஇ 20 எண்ணெய். டேம்பரை உள்ளே இறக்கும்போது, மூடி கூட்டுக்கு மேல் கால் இஞ்ச் இருக்கையில் கையில் தடை தெரிய வேண்டும். எண்ணெய் இல்லையென்றால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் இஞ்சின் தும்மும். அதைப் பார்த்து மிக்சரைக் கூட்டிவிடாதீர்கள்.

எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எச்ஐஎஃப் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்பிண்டில் இரண்டும் ஆடவில்லை என்றால், உங்கள் 1970 வண்டிக்கு உரிய சாயும் ஊசிக்கே இரண்டையும் மாற்றுவது என் யோசனை. முன்பக்கத்துக்குப் பிஸ்டனும் கூடும் ஜோடியாக, ஊசி, ஜெட்டோடு வாங்க வேண்டியிருக்கும். முன், பின் ஜெட்டுகளில் நைலான் குழாயின் நீளம் வேறு, அதைச் சொல்லி வாங்குங்கள். சாலிஸ்பரியில் உள்ள பர்லென் நிறுவனம் இன்றும் எஸ்.யு. பெயரில் புதிய பாகங்கள் செய்கிறது. ஸ்பிண்டில் ஆடினால் மட்டும் எதையும் வாங்காமல், ஊசி எழுத்துகளோடு மறுபடி எழுதுங்கள். அப்போது இரண்டு உடல்களையும் சேர்த்தே புஷ் அடிக்கக் கொடுப்பதா, பொருந்திய ஜோடியாக வேறு வாங்குவதா என்று பார்ப்போம்.